தின்னாத சோற்றின் எடை

அந்த வருடம் ஒரு பிள்ளையின் விலை நாலு கிலோ. அதுவும் சொந்த உடம்பிலிருந்து கொடுக்க வேண்டும். கடன் கிடையாது, தவணை கிடையாது, பேரம் அறவே கிடையாது.

கொடுப்பதைக்கூடத் தங்கப்பழம் பொறுத்துக்கொண்டான். பேரம் கிடையாது என்பதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. ஆறாம் வளையத்தின் மளிகைத் தெருவில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம் அவனுடையது. சொன்ன விலைக்கு வெங்காயம் வாங்கியவனுக்குப் பெண் கொடுக்க அந்த வீட்டில் யோசிப்பார்கள். அப்படிப்பட்டவன் மக்கள்தொகை அலுவலகத்தின் சன்னலில் நின்று, "மூணரைக்கு முடியாதா?" என்று கேட்டுப் பார்த்தான். சன்னலுக்குப் பின்னால் இருந்தது ஓர் இயந்திரம். அது விதியை முதலிலிருந்து மறுபடி படித்தது. "சரி, மூணே முக்கால். கடைசியாச் சொல்லுதேன்" என்று இரண்டடி விலகி நடந்தான். கூப்பிடுவார்கள் என்று நினைத்தான். இயந்திரம் அடுத்த ஆளைக் கூப்பிட்டது.

விதி எளிமையானது. வளையம் என்பது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் வெறும் வெளியில் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு பெரிய சைக்கிள் சக்கரம். டயர் இருக்க வேண்டிய இடத்தில் பெருங்குழாய். குழாய்க்குள் தெருக்கள், வயல்கள், எண்ணூறு குடும்பங்கள். சக்கரம் சுழலும் வேகத்தில் எல்லாரும் வெளிப்பக்கமாகத் தரையோடு அழுத்தப்படுவார்கள். அந்த அழுத்தத்துக்குத்தான் அங்கே எடை என்று பெயர். நடுவில், அச்சு இருக்கும் இடத்தில், எடை என்று ஒன்றுமே இல்லை. ஊசியும் உரலும் அங்கே ஒன்றுபோல் மிதக்கும்.

காற்று, தண்ணீர், சோறு மூன்றையும் அளந்து வைத்துத் திரும்பத் திரும்பப் புழங்குகிற இடத்தில் மனித உடம்பும் அளவுக்குள் இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு தம்பதிக்கும் உடல் ஒதுக்கீடு உண்டு. தங்கப்பழத்துக்கும் அவன் மனைவி செல்வக்கனிக்கும் சேர்த்து நூற்றுமுப்பது கிலோ. பிள்ளை வேண்டுமானால், வருடத்துக்கு ஒருமுறை வரும் நிறுவை நாளில் இருவரும் ஒன்றாக எடைமேடையில் ஏறி நூற்றிருபத்தாறைக் காட்ட வேண்டும். மூன்று கிலோ பிள்ளைக்கு, ஒரு கிலோ பிள்ளையோடு வரும் மற்றதுக்கு. மனைவிக்கு முப்பத்தொன்பது வயது முடிந்துவிட்டால் பிறகு மேடையே கிடையாது.

செல்வக்கனிக்கு முப்பத்தொன்பது முடிவது நிறுவை நாளுக்கு மறுவாரம்.

ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தார்கள். முதல் தடவை, நிறுவைக்கு முந்தின நாள் தங்கப்பழத்தின் கை தானாக ஒரு வடைச்சட்டிக்குள் போனது. இரண்டாம் தடவை, செல்வக்கனியின் கால்கள் வீங்கின. வடையை இருவரும் மறந்துவிட்டார்கள். வீக்கத்தைத் தங்கப்பழம் மறக்கவில்லை.

இந்த முறை ஆறு மாதம் முன்பே தொடங்கினார்கள். காலையில் அரை டம்ளர் பாசிக்கஞ்சி. மதியம் வெள்ளரிக்காய், அதிலும் விதையை எடுத்துவிட்டு. மாலையில் நடைப்பட்டையில் ஏறி வேர்த்து ஒழுக ஓட்டம். தொண்டையில் ஆளுக்கொரு விழுங்குமணி பொருத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு வாய் உள்ளே போகும்போதும் அது மணிக்கட்டில் எண்ணிக்கை காட்டும். அளவு தாண்டினால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும்.

முதல் மாதம் ஒன்றரைக் கிலோ குறைந்தது. செல்வக்கனி ஒரு சின்னக் குல்லா பின்ன ஆரம்பித்தாள். இரண்டாம் மாதம் குறைந்ததில் பாதி திரும்பி வந்தது. வெள்ளரிக்காயைப் பாதியாக்கினார்கள். மூன்றாம் மாதம் மீதியும் வந்தது. ஓட்டத்தை இரட்டிப்பாக்கினார்கள். ஐந்தாம் மாதம் வீட்டு மேடை நூற்றுமுப்பத்தொன்று காட்டியது. இடுப்பைத் தொடும் கூந்தலைச் செல்வக்கனி ஒட்ட மழித்துக்கொண்டு வந்து ஏறினாள். முந்நூறு கிராம் முடி குப்பைக்குப் போனது. மறுவாரம் அந்த முந்நூறும் மேடையில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

இதில் ஒரு விசித்திரம். தங்கப்பழத்தின் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. செல்வக்கனியின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. மேடையோ கூடிவிட்டாய் என்றது. கண் சொல்வதை நம்புவதா, கருவி சொல்வதை நம்புவதா? எண்ணூறு குடும்பமும் கருவியைத்தான் நம்பியது. துணி தொளதொளத்துப்போனதற்கு ஜவுளிக்கடைக்காரனைத் திட்டியது.

ஆமாம், எண்ணூறு குடும்பத்துக்கும் அதே கதைதான். ஆனால் அது ஒருவருக்கும் தெரியாது. எடை கூடியதை யார் வெளியே சொல்வார்கள்? தெருவில் பார்த்தால் "நான் ரெண்டு எறங்கிட்டேன்" என்பார் ஒருவர். "நான் மூணு" என்பார் மற்றவர். இருவரும் வயிறு எரிய வீட்டுக்குப் போய், மனைவியை வெறித்துப் பார்ப்பார்கள்.

தங்கப்பழமும் அப்படித்தான் பார்த்தான். எந்த அளவுகருவியானாலும் அதைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு என்பது அவனுடைய தொழில் அனுபவம். விழுங்குமணிக்கும் இருக்கத்தானே வேண்டும்?

"உண்மையச் சொல்லு. மணிய என்ன செஞ்ச?"

"நான் என்ன செஞ்சேன்? ஒங்க மணியப் பாருங்க. கடையில வெல்ல மூட்டைக்குப் பக்கத்துலதான உக்காந்திருக்கிய."

"நான் வெல்லத்த மோந்துகூடப் பாக்கல."

"வாயத் தொறங்க, பாப்போம்."

அவள் மோந்து பார்த்தாள். பட்டினி வாய்க்கே உரிய புளித்த வாடைதான் வந்தது. ஏலக்காய் மென்றுவிட்டு வந்திருப்பான் என்று முடிவு கட்டினாள். அவன் சமையலறையைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டான். அவள் அவன் தூங்கியதும் சட்டைப்பையில் கடலைத்தோல் இருக்கிறதா என்று தடவினாள். கடைசியில் ஒருநாள் அவன் சொன்னான்:

"ஒன் வயித்துக்குப் பிள்ள வேண்டாம்ளா. சோறுதான் வேணும்."

அவள் பின்னிக்கொண்டிருந்த குல்லாவின் நூலை இழுத்தாள். மூன்று மாத வேலை பிரிந்து மடியில் விழுந்தது.

வீட்டில் இப்படி என்றால், கடையில் தங்கப்பழத்துக்கு நல்ல காலம். இருபத்தைந்து கிலோ என்று அச்சடித்த அரிசி மூட்டையை ஒருநாள் சுருள்வில் தராசில் ஏற்றினான். இருபத்தாறே கால் பக்கம் காட்டியது. இன்னொன்றை ஏற்றினான். அதுவும் அப்படியே. இருநூறு கிராம் கடலைமிட்டாய் பாக்கெட் இருநூற்றுப்பத்து காட்டியது. தராசுக்கு ஒரு கும்பிடு போட்டான். வாங்கின எடைக்கு மேல் வந்ததைப் பிரித்துத் தனியாக விற்றுக் காசாக்கினான். யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடமும்தான். அவன் கடையில் மட்டும் அல்ல, மளிகைத் தெருவில் எல்லாக் கடையிலும் சரக்கு பெருத்திருந்தது. எல்லா வியாபாரியும் தனக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்ததாக நினைத்து வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

உடம்பில் கூடினால் கொழுப்பு, மூட்டையில் கூடினால் லாபம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்றைச் சொல்ல வெட்கம், மற்றதைச் சொல்லப் பயம்.

பார்க்க வைத்தது செல்வக்கனியின் சந்தேகம்தான். சரக்கு பார்க்க அவன் சக்கரத்தின் நடுவிலிருக்கும் அச்சறைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் கடையைத் திறந்தாள். எந்த மூட்டையில் எடை குறைகிறதோ அதில்தான் புருஷன் கை வைத்திருக்கிறான் என்பது அவள் திட்டம். அரிசியை ஏற்றினாள், பருப்பை ஏற்றினாள், சர்க்கரையை ஏற்றினாள். தங்கப்பழம் திரும்பி வந்தபோது அவள் மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, மொட்டைத் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மூட்டையெல்லாம் கூடியிருக்கு."

"கத்தாத ளா! அது நம்ம யோகம். பக்கத்துக் கடைக்குக் கேக்கப்போவுது."

"யோகமா? இருபத்தஞ்சு கிலோ சாக்கு இருபத்தாறே காலா நிக்கி. ஒங்களுக்கும் எனக்கும் கூடுனது நான் திருடித் தின்னதால. சரி. சாக்கு என்னத்தத் திருடித் தின்னுச்சு?"

ஆறு மாதமாகக் கடையில் கும்பிட்டதும் வீட்டில் திட்டியதும் ஒரே சாமியைத்தான் என்று அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இருவரும் சுழல் பொறியாளர் வேதமுத்துவிடம் போனார்கள். சக்கரத்தின் வேகத்தைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. வேலை என்று பெயர்தான். வெற்றுவெளியில் ஒருமுறை சுழற்றிவிட்ட சக்கரம் நிற்காமல் சுழலும் என்பதால் எரிபொருள் மிச்சம் பிடிக்க மோட்டார்களை அணைத்துப் பல வருடம் ஆயிற்று. வெளியே நட்சத்திரங்கள் சுற்றுவது தெரிந்தால் மக்களுக்குக் குமட்டுகிறது என்று சன்னல்களையும் அடைத்தாயிற்று.

"வேக அளவி ஆறு மாசமா கூடத்தான் காட்டுது" என்றார் வேதமுத்து. "அளவி பழுதுன்னு எழுதி வச்சிட்டேன்."

"ஒங்களுக்கு எடை கூடலியா சார்?" என்று செல்வக்கனி கேட்டாள்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மூணு கிலோ. கேன்டீன் பூரின்னு நெனச்சேன்."

பிறகு அவர்தான் விளக்கினார். மேசையிலிருந்த இரண்டு பெரிய நீர்க்குடுவைகளை கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை விரித்தார். "சுத்தி விடுங்க" என்றார். தங்கப்பழம் சுற்றிவிட்டான். நாற்காலி நிதானமாகச் சுற்றியது. வேதமுத்து கைகளை நெஞ்சோடு மடக்கினார். நாற்காலி சட்டென்று விறுவிறுவென்று சுழன்றது. கையை நீட்டினார், நிதானமாயிற்று.

"கனத்த நடுப்பக்கம் கொண்டுவந்தா சக்கரம் வேகமாச் சுத்தும். வேகமாச் சுத்துனா வெளிக்குழாயில இருக்கவன் எடை கூடும். ஆளு, மூட்ட, ஆணி, எல்லாத்துக்கும். இப்ப, வெளியில இருந்த எதையோ ரொம்பப் பெரிய அளவுல யாரோ நடுவுல கொண்டுபோய் வச்சிருக்காங்க. யாரு, என்னத்த வச்சாங்கன்னுதான் எனக்குத் தெரியல."

தங்கப்பழத்துக்குத் தெரியும். அவன் அப்போதுதான் அங்கிருந்து வந்திருந்தான்.

நிறுவை நாள் நண்பகலோடு நோன்பு முடியும். ஆறு மாதம் வாயைக் கட்டிய எண்ணூறு குடும்பமும் அந்த மதியம் காய்ந்த மாடு மாதிரி கடைத்தெருவில் இறங்கும். அரிசி, எண்ணெய், வெல்லம் எல்லாம் மூன்று மடங்கு விலைக்குப் போகும். அதற்காக வியாபாரிகள், மக்கள் வாங்காமல் விட்ட சரக்கையெல்லாம் அச்சறைக் கிடங்குக்கு ஏற்றிவிடுவார்கள். வாடகை குறைவு, எடையே இல்லாததால் நூறு மூட்டையை ஒரு விரலால் தள்ளிவிடலாம், கண்ணிலும் படாது. சரக்கு மேலே போகப்போகச் சக்கரம் வேகம் எடுத்தது. எடை கூடியது. எடை கூடக்கூட மக்கள் இன்னும் வாயைக் கட்டினார்கள். விற்காத சரக்கு இன்னும் மேலே போனது. அந்த வளையத்தில் ஒருவரும் தின்ற சோற்றால் பருக்கவில்லை. தின்னாத சோறுதான் எல்லார் மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

கிடங்கில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு தங்கப்பழத்தினுடையது.

வேதமுத்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒங்க ரெண்டு பேரோட நெசமான எடை நூத்தியிருபத்தஞ்சு. கேட்டது நாலு, நீங்க கொடுத்தது அஞ்சு. மேல இருக்க சரக்காலதான் மேடை ஆறு கிலோவ ஏத்திச் சொல்லுது."

செல்வக்கனி புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்ப இத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார். மேடைக்காரங்ககிட்ட நீட்டுதேன்."

"மேடை சொன்னதுதாம்மா சட்டம். அதுவும் போக, நான் எழுதிக் குடுத்தா, ஆறு மாசமா நீ என்னலே புடுங்கிக்கிட்டிருந்தன்னு என்னயக் கேப்பாங்க. சரக்க எறக்கச் சொல்லுங்க. நிறுவைக்கு முந்தி எறங்கிட்டாப் போதும்." நல்ல மனிதர், ஆறுதலாக இன்னொன்றும் சொன்னார். "எல்லாத்தையும்கூட எறக்க வேண்டாம். ஆறுல ஒரு பங்கு மேலேயே கெடந்தாலும் ஒங்களுக்கு அனுமதி கெடச்சிரும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். வியாபாரியிடம் தள்ளுபடி உண்டு என்று சொல்லக் கூடாது.

அன்று மாலையே வியாபாரிகள் சங்கம் கூடியது. தலைவர் எண்ணெய்க்கடை சுடலைமணி, வெந்நீர் டம்ளரோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். செல்வக்கனி விஷயத்தைச் சொல்லி முடித்ததும், பதினெட்டுக் கடைக்காரர்களும் தங்கள் வீட்டில் தாங்கள் பேசிய பேச்சை நினைத்துப் பார்த்தார்கள். பிறகு தொழில் திரும்பி வந்தது.

"நிறுவை மதியம் எறக்கப்போற சரக்குதான. ஒருநாள் முந்தி எறக்குனா என்ன?" என்றாள் செல்வக்கனி.

"என்னவாம்மா?" என்றார் சுடலைமணி. "தெரு நெறைய மூட்டையப் பாத்தா சரக்கு மலிஞ்சு கெடக்குன்னு தெரிஞ்சிரும். எவன் மூணு மடங்கு குடுப்பான்? சரக்கு இல்லன்னாத்தான அது வெல."

"சரி, நீங்க எறக்க வேண்டாம். நான் தெருவுல நின்னு சொல்லுதேன். ஒங்க எடை கூடுனதுக்கு இவங்க மூட்டதான் காரணம்னு."

சுடலைமணி வெந்நீரைக் கீழே வைத்தார். ஆறு மாதம் பட்டினி கிடந்த கூட்டம் கடைத்தெருவுக்குள் புகுந்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்க அவருக்கு வெகுநேரம் ஆகவில்லை.

"தங்கப்பழம் அண்ணாச்சிக்குத்தான் சரக்கு அதிகம். அவர் மொதல்ல எறக்கட்டும்."

"நான் எறக்குதேன். நீங்க எறக்குவியளான்னு என்ன நிச்சயம்?"

"என்னவே, எங்கமேல நம்பிக்க இல்லியா?"

"இருக்கு. அதான் கேக்கேன்."

பேரம் மூன்று மணி நேரம் போனது. நிறுவைக்கு முந்தின நாள் மாலை எல்லாரும் ஒரே நேரத்தில் முழுச் சரக்கையும் இறக்கிக் கடையின் உள்ளறையில் போட்டுப் பூட்டுவது என்று முடிவாயிற்று. உப்புத் தட்டின் மேல் கை வைத்துப் பதினெட்டுப் பேரும் சத்தியம் செய்தார்கள். பதிலுக்குச் செல்வக்கனி வெளியே சொல்ல மாட்டேன் என்று கை வைத்தாள். உள்ளங்கையில் ஒட்டிய உப்பை நக்கக்கூட முடியாது, விழுங்குமணி கத்தும். முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் தங்கப்பழம் அவள் தோளைத் தொட்டான். "நான் பேசுனதெல்லாம் மனசுல வச்சுக்கிடாத."

"வைக்கல. ஒங்க கடலைத்தோலத் தேடுனவதான நானும்." அவள் சிரித்தாள். அன்றைக்கே நூலை எடுத்து மறுபடி பின்னத் தொடங்கினாள்.

நிறுவைக்கு மூன்று நாள் முன்பிருந்து வளையத்தின் எல்லா எடைமேடைகளையும் தராசுகளையும் பூட்டிவிடுவார்கள். மக்கள் மணிக்கொரு தரம் ஏறிப் பார்த்து, பேதி மருந்து குடித்துச் சாகாமல் இருப்பதற்காக. எனவே சரக்கு இறங்கிய பின் எடை எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் பார்க்க வழியில்லை.

குறித்த மாலையில் தங்கப்பழம் அச்சறைக்குப் போனான். மூட்டைகள் இருட்டில் மந்தை மாதிரி மிதந்தன. தள்ளத் தள்ள ஒவ்வொன்றாகச் சரக்கு இறக்கும் மின்தூக்கிக் கூண்டுக்குள் போய்ச் சேர்ந்தன. விரல் வேலை செய்தது. மனம் வேறு வேலை செய்தது. ஆறில் ஒரு பங்கு மேலே இருக்கலாம் என்று பொறியாளரே சொல்லிவிட்டார். மற்றவர்கள் சுத்தமாக இறக்கப்போகிறார்கள், சத்தியம் செய்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த ஆறில் ஒரு பங்கு முழுவதும் தனக்கே உரியது. தன் சரக்கில் சரிபாதியை விட்டுவைத்தாலும் பிள்ளைக்குக் குறைவில்லை. உள்ளறையில் கிடப்பதை எலி பார்க்கும், வேலையாள் பார்ப்பான், விலை கசிந்துவிடும். மேலே கிடந்தால் விலை நிற்கும். பிறக்கப்போகிற பிள்ளைக்கும் நாலு காசு வேண்டாமா?

பாதியை விட்டுவைக்க அவனுக்கு மனசு வரவில்லை. பிள்ளை விஷயம். ஐந்தில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தான். வாழ்நாளில் முதல்முறையாகத் தங்கப்பழம் மற்ற வியாபாரிகளின் நாணயத்தை நம்பினான்.

மற்றப் பதினேழு பேரும் அந்த மாலையில் அவனுடைய நாணயத்தை நம்பினார்கள். அவர்களும் ஆளுக்கு ஐந்தில் ஒன்றைத்தான் விட்டுவைத்தார்கள். பேராசைக்காரர்கள் அல்ல.

மறுநாள் காலை பெருமேடைக்கு முன்னால் வரிசை நீண்டது. செல்வக்கனி மெல்லிய நிறுவைத்துணி உடுத்தி, மொட்டைத் தலையில் அரைவிரல் முளைத்திருந்த முடியைத் தடவிக்கொண்டே ஏறினாள். தங்கப்பழம் பக்கத்தில் ஏறினான். மேடை யோசித்தது. செல்வக்கனி அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நூற்றிருபத்தாறு கிலோ இருநூறு கிராம்" என்றது மேடை. "அனுமதி இல்லை. அடுத்தவர்."

"இருநூறு கிராம்தான" என்றான் தங்கப்பழம், தன்னையறியாமல். "ஒரு மாம்பழ எடகூட இல்ல. பாத்துச் செய்யுங்க."

மேடை விதியை முதலிலிருந்து படித்தது. அது முடிவதற்குள் செல்வக்கனி விரலை விட்டுவிட்டு இறங்கிப் போயிருந்தாள்.

நண்பகல் மணி அடித்தது. வளையத்தில் இருந்த எல்லாத் தராசுகளின் பூட்டும் ஒரே நேரத்தில் திறந்தது. கூட்டம் கடைத்தெருவுக்குள் பாய்ந்தது. அந்த வாரம் முழுக்க எல்லாரும் மூக்கு முட்டத் தின்னப்போகிறார்கள். அச்சறைச் சரக்கு மொத்தமும் வெளிக்குழாய்க்கு இறங்கி, சக்கரம் நிதானமாகி, தின்றவர்களுக்கெல்லாம் எடை குறையப்போகிறது. விருந்து தின்றால் உடம்பு இளைக்கும் என்று ஒரு வைத்தியர் கூட்டம் போட்டுப் பேசி, அடுத்த வருடம் அவரிடம் சேர வரிசை நிற்கப்போகிறது. அதெல்லாம் பிறகு. அந்த மதியம் தங்கப்பழத்தின் கடையில் கால் வைக்க இடமில்லை.

வேலை செய்யும் கை வேண்டுமே. செல்வக்கனி வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. உள்ளறை மூட்டைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசி மூட்டையை அவளே உதறினாள். "அவ்வளவுதான், சரக்கு முடிஞ்சுது" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அப்போது கடைக்குப் பின்னால் கூண்டின் கதவு திறந்தது. உள்ளே, மேலிருந்து வேலையாள் ஏற்றியனுப்பிய மூட்டைகள். எல்லாவற்றிலும் தங்கப்பழத்தின் கடை முத்திரை. கதவு மூடி, மேலே போய், மறுபடி வந்தது. மறுபடியும் மூட்டைகள்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கல்லாப்பெட்டியைப் பார்த்தான்.

"எத்தன?"

"கூட்டமா இருக்கு. வீட்ல பேசிக்கிடலாம்."

"எத்தனன்னு கேட்டேன்."

"அஞ்சுல ஒண்ணு. மத்தவங்க எறக்குவாங்கன்னு நெனச்சேன் ளா. அவனுகளும் வச்சிட்டானுக. எல்லாரும் சேந்து—"

"மத்தவங்கள விடுங்க." அவள் குரல் உயரவில்லை. பன்னிரண்டு வருடம் அந்தக் கல்லாவில் நின்றவள். தாளும் பேனாவும் இல்லாமல் கணக்குப் போடுவாள். "முழுச் சரக்கும் மேல இருந்தப்ப மேடை ஆறு கிலோ ஏத்திக் காட்டுச்சு. அஞ்சுல ஒண்ணு இருந்தா, ஒண்ணே கால் கிலோவுக்கு அம்பது கொறச்சல். ஆயிரத்தி எரநூறு. அதுல ஒங்க பங்கு மூணுல ஒண்ணு. எவ்வளவு?"

முன்னால் நின்ற வாடிக்கையாளர்கள் பையை நீட்டியபடி நின்றார்கள்.

"சொல்லுங்க. கணக்குல நீங்க கெட்டிக்காரர்."

"நானூறு" என்றான் தங்கப்பழம்.

"நமக்கு மேடையில கூடிப்போனது?"

"எரநூறு."

"அப்ப ஒங்க மூட்ட நானூறு. பிள்ளைக்கு எரநூறு போச்சு. மீதி?"

சில்லறை இல்லாதபோது வாடிக்கையாளர் கையில் எதைத் திணிப்பார்களோ அந்தத் தட்டிலிருந்து, இருநூறு கிராம் என்று அச்சடித்த ஒரு கடலைமிட்டாய் பாக்கெட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இந்தாங்க மீதி. கணக்கு நேர்" என்றாள். பிறகு கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்து, கூட்டத்துக்குள் இறங்கி, வெளியே போனாள்.

தங்கப்பழம் பாக்கெட்டைக் கையில் எடுத்தான். நிறுக்காமல் வாங்கிப் பழக்கமில்லாத கை. அது தானாகத் தராசுப் பக்கம் போய்ப் பாக்கெட்டை வைத்தது.

இருநூற்றிரண்டு. இரண்டு கிராம் கூடுதல்.